ரத்தம் போற கேஸ்: ரோட்டுல இருந்து பிளட் பேங்க் வரைக்கும், வண்டிக்குப் புதுசா வர்றவங்களுக்கு

நான் 108 ஆம்புலன்ஸ்ல இ.எம்.டி.யா (வண்டில சிகிச்சை பாக்குற டெக்னீஷியன்) ஏறின முதல் வருஷம், சித்திரை மாசம், விராலிமலை தாண்டி ஹைவேல ஒரு கேஸ். டிவிஎஸ் ஃபிப்டில வந்தவரை லாரி அடிச்சிடுச்சு, தொடை எலும்பு உடைஞ்சு வெளிய தெரியுது, பிபி எழுபது. பிபி குறைஞ்சா ஃப்ளூயிட் விடுன்னுதான் எனக்கு மனசுல பதிஞ்சிருந்துச்சு, ரெண்டு கைலயும் லைன் போட்டு ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள நாலு பாட்டில் சலைன், அதாவது ரெண்டு லிட்டர், உள்ள தள்ளிட்டேன். பிபி நூத்திப்பத்து வந்துடுச்சு, எனக்கு ஒரே பெருமை. ஸ்ட்ரெச்சர் மாத்தும்போது நின்னு போயிருந்த காயம் மறுபடி ஊத்த ஆரம்பிச்சுது பாருங்க, வந்தது ரத்தம் மாதிரியே இல்ல, இளஞ்சிவப்பா வருது, பெட்ஷீட்ல உறையவே இல்ல, அந்த வெயில் காலத்துல மனுஷன் கிடுகிடுன்னு நடுங்குறாரு. டூட்டி டாக்டர் என்னைப் பாத்து "என்னப்பா, மீன் கழுவின தண்ணி மாதிரி வருது"ன்னாரு, அவ்ளோதான் சொன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு விசாரிச்சப்ப ஐசியூல இருக்கார்னாங்க, அதுக்கு மேல விசாரிக்க எனக்கு தைரியம் வரல.

இப்ப புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க கேக்குறது பூரா, வெளிநாட்டுல ஆம்புலன்ஸ்லயே ரத்தம் ஏத்துறாங்களாமே, நம்ம வண்டில அது இல்லாம என்ன பண்றதுண்ணே? நம்ம வண்டில ரத்தப் பை இல்லதான், ஆனா ஆஸ்பத்திரில முதல் பை எத்தனை மணிக்கு ஏறுதுங்கறது பாதிக்கு மேல நம்ம கைல இருக்கு. எப்படின்னு வரிசையா சொல்றேன். மருந்து விஷயத்துல மட்டும் உங்க புரோட்டோகாலும் போன் லைன்ல இருக்குற ஈஆர்சிபி டாக்டரும் (கால் சென்டர்ல இருந்து நமக்கு வழி சொல்றவர்) சொல்றதுதான் கடைசி வார்த்தை.

முதல்ல ரத்தம் எங்கன்னு கண்டுபிடிக்கணும்

வண்டிய பாதுகாப்பா நிறுத்தி, பைலட் அண்ணன், அதாவது நம்ம டிரைவர், முக்கோணம் வச்சு கூட்டத்தை ஒதுக்குறாரு, நீங்க கிளவுஸ் போட்டுட்டு இறங்குறீங்க. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்னு படிச்சிருப்பீங்க, அது சரிதான், ஆனா பீச்சியடிக்குற ரத்தம் இருந்தா அதை அடைச்சுட்டுதான் மூச்சுப்பாதைக்கே போகணும். பெரிய தமனி அறுந்தா சில நிமிஷத்துல ஆள் காலி.

கண்ணை மட்டும் நம்பாதீங்க. கருப்பு பேண்ட்லயும் கரும்பச்சைப் புடவைலயும் ரத்தம் தெரியாது, ராத்திரி தார் ரோட்டுல சுத்தமா தெரியாது, மண் ரோடா இருந்தா குடிச்சிடும். நான் பண்றது என்னன்னா, கையை முதுகுக்குக் கீழ, இடுப்புக்குக் கீழ, தொடைக்குக் கீழன்னு ஒவ்வொரு இடமா விட்டு எடுத்து ஒவ்வொரு தடவையும் டார்ச்சுல கிளவுஸைப் பாப்பேன். துணியை கத்தரிச்சுப் பாக்க கூச்சப்படாதீங்க, பொம்பளை ஆளா இருந்தா ஒரு போர்வைய பிடிக்கச் சொல்லிட்டுப் பாருங்க.

வெளிய தெரியாத ரத்தமும் இருக்கு. பெரியவங்களுக்கு உடம்புல மொத்தமே சுமார் அஞ்சு லிட்டர், கிலோவுக்கு 70 மில்லி கணக்கு. ஒரு தொடை எலும்பு உடைஞ்சா உள்ளுக்குள்ளயே ஒன்றரை லிட்டர் வரைக்கும் தேங்கலாம், இடுப்பெலும்பு உடைஞ்சா ரெண்டு லிட்டருக்கு மேலயும் போகலாம், நெஞ்சுக்கூடும் வயிறும் அதை விடப் பெரிய பானை. ரோட்டுல ஒரு சொட்டு ரத்தம் இல்லாம ஒருத்தர் வெளுத்துப் போய் வேர்த்துக் கொட்டி "தண்ணி குடுங்க தண்ணி குடுங்க"ன்னு கேட்டா உள்ள எங்கயோ ஓடுதுன்னு அர்த்தம். (கூட்டத்துல யாராவது சோடா ஊத்த வருவாங்க, தடுத்துடுங்க, ஆபரேஷன் தியேட்டர் போகப் போற ஆளு.)

பிபியை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. இளவட்டப் பசங்களுக்கு 30 சதவீதம் ரத்தம் போற வரைக்கும் பிபி நல்லாவே காட்டும், அப்புறம் ஒரேயடியா விழும். இதுக்கு ஷாக் இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கால்குலேட்டர் எல்லாம் வேண்டாம், நாடித்துடிப்பு நம்பர் பிபியோட மேல் நம்பரைத் தாண்டிடுச்சா, அவ்ளோதான் பாக்கணும். நாடி 120, பிபி 100ன்னா அந்த 100ஐ பாத்து நிம்மதி ஆகக் கூடாது. வயசானவங்க பிபி மாத்திரை போடுறவங்களா இருந்தா நாடி ஏறாமலே கூட இருக்கும், அங்க இந்தக் கணக்கு உதவாது, வெளுப்பையும் வேர்வையையும்தான் பாக்கணும்.

அடைக்குறது

கை கால்னா நேரா அழுத்துங்க. நாலஞ்சு பேடை மேல மேல அடுக்கி லேசா கட்டுறது அழுத்துறது இல்ல, அது ரத்தத்தை மூடி மறைக்குறது. ரத்தம் வர்ற சரியான புள்ளில ரெண்டு விரலால கேஸ் துணிய (காயத்துல வைக்குற மெல்லிசு பஞ்சுத்துணி) வச்சு உடம்பு எடையப் போட்டு அழுத்தணும். காயத்துல காப்பித்தூள் மஞ்சத்தூள் அப்பியிருப்பாங்க, அதைக் கழுவிட்டு உக்காந்திருக்க நேரம் இல்ல, அது மேலயே அழுத்துங்க, தியேட்டர்ல கழுவிக்குவாங்க.

அழுத்தியும் நிக்கலயா, இல்ல கை கால் துண்டாயிடுச்சா, டூர்னிக்கே, ரத்தத்தை நிறுத்த இறுக்கி முறுக்குற பட்டை. காயத்துக்கு மேல அஞ்சுல இருந்து ஏழு சென்டிமீட்டர் தள்ளி, முட்டி மூட்டு, முழங்கை மூட்டு மேல படாம கட்டுங்க, ரத்தம் நிக்குற வரைக்கும் முறுக்குங்க, கீழ நாடி தெரியக் கூடாது. வலில கத்துவாங்க, கத்துறாங்கன்னு லூஸ் பண்ணிடாதீங்க. கத்துற அளவுக்கு உயிர் இருக்குன்னு எடுத்துக்கங்க. கட்டின நேரத்தை மார்க்கர்ல நெத்தியிலயோ டூர்னிக்கே மேலயோ எழுதுங்க, சீட்டுல எழுதினா சீட்டு தொலையும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள சர்ஜன் கைல போய்ச் சேரணும், நடுவுல அவுத்து அவுத்துக் கட்டுற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பொதுஜனம் கட்டி வச்சிருக்குறதைப் பத்தி ஒரு வார்த்தை. கேபிள் வயர், சணல், ஷூ லேஸ்னு ஒல்லியா எதையாவது இறுக்கியிருப்பாங்க. நல்ல மனசுதான், ஆனா அரைகுறையா இறுக்கினா சிரை மட்டும் அடைபடும், தமனி உள்ள அனுப்பிட்டே இருக்கும், திரும்பிப் போக வழியில்லாம ரத்தம் முன்னை விட அதிகமா கொட்டும். அது மாதிரி பாத்தா அதுக்கு மேல நம்ம அகலமான டூர்னிக்கேவ போட்டுட்டு அப்புறம் அதை வெட்டுங்க. டூர்னிக்கே கைல இல்லன்னா ஒரு துண்டை நாலு விரல் அகலத்துக்கு மடிச்சுக் கட்டி, நடுவுல ஒரு குச்சி இல்ல ஸ்பேனர் வச்சு முறுக்கலாம், முறுக்கின குச்சிய இன்னொரு துணியால கட்டி நிப்பாட்டணும்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்து அடிவாரம், இங்கெல்லாம் டூர்னிக்கே போட இடமே கிடையாது. அங்க பேக்கிங். ரோல் கேஸை விரலால உள்ள, ரத்தம் வர்ற அடி வரைக்கும் தள்ளி தள்ளி அடைக்கணும், புது ஆளுங்க மேலாப்புல வச்சுட்டு வந்துடுவாங்க. நிரம்பின பிறகு ரத்தம் உறைய வைக்குற கேஸ்னா மூணு நிமிஷம், சாதா கேஸ்னா பத்து நிமிஷம் வரைக்கும் கையெடுக்காம அழுத்தணும், நடுவுல எட்டிப் பாக்கக் கூடாது. நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் பேக் பண்ணக் கூடாது.

இடுப்பெலும்பு சந்தேகம்னா பிடிச்சு ஆட்டிப் பாக்காதீங்க, ஆட்டினா உறைஞ்சது உடையும். பெல்ட் இல்லன்னா மடிச்ச பெட்ஷீட் போதும், ஆனா எங்க கட்டுறோம்ங்கறதுதான் விஷயம், வேட்டி கட்டுற இடத்துல கட்டினா பிரயோஜனம் இல்ல, அதுக்குக் கீழ, தொடை பக்கவாட்டுல எலும்பு முட்டு கைக்குத் தட்டுப்படும் பாருங்க, அந்த லெவல்ல இறுக்கணும். முட்டி ரெண்டையும் சேத்து, பாதத்தையும் சேத்துக் கட்டுங்க.

இவ்வளவுக்கும் ஸ்பாட்ல பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க. ஆள் வண்டிக்குள்ள சிக்கியிருந்தா வேற விஷயம். லைன் போடுறது, பேப்பர் எழுதுறது எல்லாம் ஓடுற வண்டில.

ஏசியும் சலைனும்

ஏசிய நிறுத்துங்க. பைலட் முறைப்பாரு, வேர்வைல குளிச்சுட்டுதான் போகணும், பரவால்ல. ரத்தம் போன ஆளுக்கு வெளிய 38 டிகிரி அடிச்சாலும் உடம்பு குளிர்ந்துக்கிட்டேதான் போகும், உள்சூடு 35க்குக் கீழ போனா ரத்தம் உறையுற வேலை தடுமாறும். ரத்தம் போறதால திசுவுக்கு ஆக்சிஜன் கம்மி, அதனால உடம்புல அமிலம் ஏறும், அமிலம் ஏறினா உறையாது, குளிர்ந்தா உறையாது, உறையாததால இன்னும் ரத்தம் போகும், இதைத்தான் சாவு முக்கோணம்னு சொல்றாங்க, இப்ப கால்சியம் குறையறதையும் சேத்து வைரம்னு நாலு மூலையாக்கிட்டாங்க. ஈரத்துணிய கத்தரிச்சு எடுத்துட்டு போர்வை போத்துங்க, அடியிலயும் ஒண்ணு போடுங்க, ஸ்ட்ரெச்சர் ரெக்ஸினே சூட்டை உறிஞ்சும்.

சலைன் விஷயத்துலதான் நான் அடி வாங்கினது. அதுல ஆக்சிஜன் தூக்குற செல்லும் கிடையாது, உறைய வைக்குற சத்தும் கிடையாது, இருக்குற கொஞ்ச நஞ்ச ரத்தத்தையும் நீர்க்க வைக்கும், பிபிய ஏத்தி, ஒட்டிக்கிட்டிருந்த கட்டிய பிச்சு எறியும். 1994லயே அமெரிக்காவுல ஹூஸ்டன்ல, உடம்புல குத்து, துப்பாக்கிக் குண்டு பட்ட 598 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணி, தியேட்டர் போற வரைக்கும் ஃப்ளூயிட் விடாம இருந்தவங்கதான் அதிகம் பிழைச்சாங்கன்னு காட்டியிருக்காங்க, நமக்கு வந்து சேர லேட்டு. அதனால மணிக்கட்டுல நாடி கிடைக்குது, கூப்பிட்டா பதில் சொல்றாருன்னா லைனை போட்டு மூடி வைங்க. நாடி மறைஞ்சா 250 மில்லி, மறுபடி பாருங்க, நாடி வந்ததும் நிறுத்துங்க, மேல் பிபி 80ல இருந்து 90 போதும். தலைல அடி இருந்தா மட்டும் இந்தக் கஞ்சத்தனம் கூடாது, மூளைக்கு ரத்தம் போகணும், அங்க 110க்குக் குறையாம பாத்துக்கணும்.

லைன் பெருசா இருக்கணும். பச்சை வென்ஃப்ளான் (நரம்புல போடுற ஊசிக்குழாய், கலரை வச்சுதான் சைஸ்), முடிஞ்சா சாம்பல். நீலத்தைப் போட்டுட்டு வந்தா அதுல ரத்தம் எறும்பு ஊர்ற மாதிரிதான் ஏறும், ஆஸ்பத்திரில சிஸ்டர் திரும்ப தேடணும், அப்ப நரம்பு சுருங்கியிருக்கும், அங்க போகும் அஞ்சு நிமிஷம்.

டிரானெக்ஸா

டிரானெக்ஸாமிக் ஆசிட். பொம்பளைங்களுக்கு மாசப் போக்கு அதிகமானா குடுக்குற அதே மருந்து, 1962ல ஜப்பான்ல ஒகமோட்டோன்னு ஒரு புருஷன் பொண்டாட்டி சேந்து கண்டுபிடிச்சது. உருவான ரத்தக்கட்டிய உடம்பே கரைச்சுடாம தடுக்கும். கிராஷ்-2ன்னு 40 நாடுகள்ல 20,211 பேர் சேந்த ஆராய்ச்சி 2010ல வந்துச்சு, அடிபட்டு மூணு மணி நேரத்துக்குள்ள குடுத்தா சாவு குறையுது, அதுலயும் முதல் ஒரு மணி நேரத்துல குடுத்தா பலன் அதிகம், மூணு மணி தாண்டிட்டா கெடுதலே பண்ணலாம். ஒரு கிராம், அதாவது 500 மில்லிகிராம் ஆம்பூல் ரெண்டு, 100 மில்லி சலைன்ல கலந்து பத்து நிமிஷம் ஓடணும், சர்ருனு தள்ளினா பிபி விழும். மருந்து வண்டில இருந்து, டாக்டரும் சொன்னா போடுங்க. இல்லன்னாலும் அடிபட்ட நேரத்தை விசாரிச்சு எழுதி வைங்க, அங்க இருக்குறவங்களுக்கு அந்த மூணு மணி கணக்கு நீங்க சொல்ற நேரத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. "இப்பதான் சார் அடிச்சுச்சு"ன்னு எல்லாரும் சொல்வாங்க, யாரு முதல்ல 108க்கு அடிச்சாங்களோ அவங்க போன்ல கால் போன டைமை பாருங்க.

போன்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னு "சார் ஆர்டிஏ கேஸ்"னு (ரோட்டு விபத்து) சொன்னா, அதுக்கப்புறம் ட்ராலி, அப்புறம் சாம்பிள், அப்புறம் ஃபார்ம், அட்டெண்டர் பிளட் பேங்குக்கு நடை, கிராஸ் மேட்ச் (பை ரத்தம் இவருக்கு ஒத்துப்போகுதான்னு பாக்குறது) முழுசா பண்ண முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம். அதே ஆளுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போன் வந்திருந்தா ஓ குரூப் ரத்தம் ரெட் ஜோன்ல (உயிருக்கு ஆபத்தான கேஸ் பாக்குற இடம்) ரெடியா இருக்கும். தமிழ்நாட்டுல டேய் (TAEI, அரசோட விபத்து அவசர சிகிச்சைத் திட்டம்) சென்டர்கள் வந்த பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு, முன்கூட்டியே தகவல் வாங்கி ரெடியாகுற ஏற்பாடு இருக்கு, அதை நாமதான் உபயோகிக்கணும்.

போன்ல கதை சொல்லாதீங்க. மிஸ்ட்னு ஒரு வரிசை இருக்கு, எப்படி அடிபட்டது, என்ன காயம், நாடி பிபி என்ன, நீங்க என்ன பண்ணீங்க. நான் சொல்றது இப்படி இருக்கும்:

"சார், வணக்கம், ரெட் கேஸ். ஆண், 30 வயசு இருக்கும், பைக்-பஸ் மோதல், அடிபட்டு 25 நிமிஷம். வலது தொடை திறந்த முறிவு, இடுப்பும் சந்தேகம். நாடி 134, பிபி 84, பேசுறாரு ஆனா குழம்பிப் பேசுறாரு. டூர்னிக்கே 7.40க்கு, இடுப்பு கட்டியாச்சு, ரெண்டு பச்சை லைன், சலைன் 250தான் போயிருக்கு. பதினெட்டு நிமிஷத்துல வர்றோம். ரத்தம் தேவைப்படும் சார், பிளட் பேங்குக்கும் சர்ஜனுக்கும் சொல்லிடுங்க."

அந்தக் கடைசி வரிய சொல்ல புது ஆளுங்க தயங்குவாங்க, டாக்டருக்கு நாம சொல்றதான்னு. சொல்லுங்க. தப்பா போனா ரெண்டு பை ஃபிரிட்ஜுக்குத் திரும்பும், குளிர்பெட்டிய விட்டு வெளிய அரை மணி தாண்டாம இருந்தா அது வீணும் ஆகாது.

எந்த ஆஸ்பத்திரிங்கறதும் போன்லயே முடிவாகணும். கிட்டக்க இருக்குதுன்னு பிளட் பேங்கும் சர்ஜனும் இல்லாத இடத்துல இறக்கிட்டு, அங்க ஒரு மணி நேரம் கழிச்சு வேற வண்டில ரெஃபர் பண்ணினா அந்த ஒரு மணி நேரம் திரும்ப வராது. மூச்சுப்பாதை நம்மால சமாளிக்க முடியல, இல்ல போற வழியில இதயம் நின்னுடும்போலன்னா மட்டும் கிட்டக்க. சொந்தக்காரங்க காசுக்கு பயந்து தடுத்தா நம்மைக் காக்கும் 48 திட்டம் பத்தி சொல்லுங்க, 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்ட யாருக்கும், வெளி மாநிலத்து ஆளுன்னாலும், பட்டியல்ல இருக்குற தனியார்லயும் முதல் 48 மணி நேரம் இலவசம். தூக்கி விட்ட ஆளு போலீஸுக்கு பயந்து நழுவினா, பேரு சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு பிரிவே இருக்குன்னு சொல்லி அனுப்புங்க. போறதுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு அடிபட்டதுன்னு மட்டும் கேட்டுக்கங்க.

ரெட் ஜோன்ல

இது கேசுவாலிட்டிக்குப் புதுசா வர்ற சிஸ்டர், ஹவுஸ் சர்ஜன்களுக்கும். ஓ குரூப் ஏத்துறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்துடுங்க, ஏத்தின பிறகு எடுத்தா குரூப் பாக்கும்போது குழப்பும். எடுத்த ஆளே, பேஷண்ட் பக்கத்துல நின்னே ட்யூபுல எழுதணும், பேரு தெரியலன்னா "அடையாளம் தெரியாத ஆண்"னு மட்டும் எழுதாதீங்க, ஒரே ராத்திரில மூணு அடையாளம் தெரியாத ஆண் வருவாங்க, நம்பர் போடுங்க. குரூப் மட்டும் பாத்து குடுக்குறதுக்கு கால் மணி நேரத்துக்குள்ள முடியும், அது வர்ற வரைக்கும்தான் ஓ.

எல்லாருக்கும் ஓ நெகட்டிவ் தேடாதீங்க. நம்ம ஜனத்துல அது ரொம்ப அரிது, இருக்குற ரெண்டு பைய, குழந்தை பெத்துக்குற வயசுல இருக்குற பொண்ணுங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் வைங்க, ஆம்பளைங்களுக்கு அவசரத்துல ஓ பாசிட்டிவ் போடலாம், உலகம் முழுக்க அப்படித்தான். ஒரு விதிவிலக்கு, பாம்பே குரூப், 1952ல மும்பைல கண்டுபிடிச்சது, அவங்களுக்கு ஓ ரத்தமும் ஒத்துக்காது. அரிதிலும் அரிதுதான், ஆனா சொந்தக்காரங்க யாராவது "எங்க வீட்டுல அந்த குரூப்"னு சொன்னா காதுல வாங்குங்க.

சிவப்பணு பை மட்டும் ஏத்திக்கிட்டே போனா அதுவும் ஒரு வகைல சலைன் கதைதான், உறைய வைக்குற சத்து அதுல இல்ல. பிளாஸ்மாவும் தட்டணுவும் சரிசமமா போகணும். பிளாஸ்மா உறைநிலைல இருந்து உருக அரை மணி ஆகும், அதனாலதான் ரோட்டுல இருந்து போன் வேணும்ங்கறேன். ரத்தம் உறையாம இருக்க பைல கலந்திருக்குற சிட்ரேட் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், முதல் ரெண்டு மூணு பைக்குள்ள கால்சியம் போகணும், கால்சியம் குளுக்கோனேட்னா கால்சியம் குளோரைடுல இருக்குறதுல மூணுல ஒரு பங்கு கால்சியம்தான், டோஸ் அதுக்கேத்த மாதிரி. ரத்தம் போற லைன்ல ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் பாட்டில்) விடாதீங்க, அதுல இருக்குற கால்சியம் ட்யூபுலயே கட்டி ஆக்கிடும். பைய வெந்நீர்ல முக்கி சூடாக்குறது, ரேடியேட்டர் மேல வைக்குறது எல்லாம் கூடாது, செல் உடைஞ்சா அந்தப் பை விஷம், அதுக்குன்னு வார்மர் இருக்கு. எவ்வளவு அவசரத்துலயும் ரெண்டு பேரு சேந்து பை நம்பர், குரூப், காலாவதி, கைல கட்டின பட்டை, இந்த நாலையும் வாய்விட்டுப் படிங்க.

சரி, வண்டிலயே ரத்தம்?

லண்டன் ஏர் ஆம்புலன்ஸ்ல 2012லயே சிவப்பணு கொண்டு போக ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா பலன்னு பாத்தா பதில் நேரா இல்ல. அமெரிக்காவுல ஹெலிகாப்டர்ல பிளாஸ்மா குடுத்த ஆராய்ச்சி 2018ல வந்துச்சு, 501 பேரு, முப்பது நாள் சாவு 33ல இருந்து 23 சதவீதமா இறங்குச்சு. அதே வருஷம் டென்வர் நகரத்துல ரோட்டு ஆம்புலன்ஸ்ல அதே பிளாஸ்மா, வித்தியாசமே இல்ல. 2022ல இங்கிலாந்துல 432 பேருக்கு ரத்தமும் பிளாஸ்மாவும் குடுத்துப் பாத்தாங்க, சலைனை விட மேல்னு நிரூபிக்க முடியல. முதல் ரெண்டு ஆராய்ச்சியையும் சேத்து வச்சுப் பாத்தவங்க சொல்றது, பயணம் 20 நிமிஷத்துக்கு மேல இருந்தாதான் பிளாஸ்மாவோட பலன் தெரியுது. டென்வர்ல ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருந்துச்சு.

என் அபிப்பிராயம் கேட்டா, சென்னைக்குள்ள ஓடுற வண்டிக்கு ரத்தப் பெட்டி முதல் தேவை இல்ல, வால்பாறைல இருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி பொள்ளாச்சி வர்ற வண்டிக்கும், கொல்லிமலைல எழுபது வளைவு இறங்குற வண்டிக்கும் அதைப் பத்தி யோசிக்கலாம். அப்பவும் குளிர்பெட்டில சூடு ரெண்டுல இருந்து பத்து டிகிரிக்குள்ள நிக்குதான்னு பாக்க, உபயோகிக்காத பைய காலாவதிக்கு முன்னாடி பிஸியான பிளட் பேங்குக்குத் திருப்பி அனுப்ப ஒரு ஆளு பொறுப்பா வேணும், இல்லன்னா குப்பைக்குதான் போகும்.

அது வர்றப்ப வரட்டும், நாளைக்கு காலைல ஷிப்ட் ஏறும்போது பைய திறந்து பாருங்க. டூர்னிக்கே ரெண்டு, பிளாஸ்டிக் கவரை முன்னாடியே பிரிச்சு வச்சது. ரோல் கேஸ் ஆறு. துணி வெட்டுற கத்தரி, துரு இல்லாம. பச்சை வென்ஃப்ளான் நாலு. போர்வை ரெண்டு. அப்புறம் அந்த மார்க்கர், பாதி நாள் மூடி இல்லாம காய்ஞ்சு கிடக்கும், கிளவுஸ் மேல ஒரு கோடு கிழிச்சுப் பாத்துட்டு மேல் பாக்கெட்ல சொருகிக்கங்க.